யாருக்கு இந்தக் கம்பி?

“ஏறுறதுக்கா சார், இடிக்கிறதுக்கா?”

கேட்டவர், அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஃபேப்ரிகேஷன் ஷெட் வைத்திருக்கும் மேஸ்திரி. கேட்கப்பட்டவன் என் மைத்துனன். கேள்வி என்னவோ ஒரு இரும்புப் பைப்பைப் பற்றியதுதான். ஆனால் அது என் மண்டைக்குள் புகுந்துகொண்டு பத்து நாளாக வெளியே போக மாட்டேன் என்கிறது. அதனால் இந்த வாரம் அதை உங்கள் தலையில் கட்டிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

மைத்துனனுக்குத் திருமுல்லைவாயலில் வீடு, போரூர் பக்கம் கம்ப்யூட்டர் வேலை. சமீபத்தில் செகண்ட் ஹேண்டில் ஒரு இசுஸு வி-கிராஸ் வாங்கியிருக்கிறான். பார்த்திருப்பீர்கள். முன்னால் கார், பின்னால் திறந்த தொட்டி. ஐந்தேகால் மீட்டர் நீளம், கிட்டத்தட்ட இரண்டு டன் எடை. வருஷத்துக்கு இரண்டு தடவை நண்பர்களோடு மலை, மணல், ஆற்றுப்படுகை என்று ஆஃப்-ரோடு போகிறான். மீதி முந்நூற்று அறுபது நாளும் அந்த வண்டி சி.டி.எச். ரோட்டில் ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருக்கிறது. பாடியில் ஆரம்பித்து ஆவடி வரைக்கும் அந்த ரோட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்கள் புண்ணியம் செய்தவர்கள்.

“மாமா, சைடு ஸ்டெப் போடணும். நீங்க கூட வாங்க. உங்களுக்குத்தான் அந்த ஏரியா தெரியுமே” என்றான்.

தெரியும்தான். வாலிப வயதில் அம்பத்தூர் எஸ்டேட்டில் நாலு வருஷம் குப்பை கொட்டியவன் நான். அந்தப் பக்கத்துக்கும் பைப்புக்கும் பழைய சம்பந்தம். 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூருக்கு வந்தது. 1955-ல் ஆவடியில் ட்யூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா ஸ்டீல் பைப் செய்ய ஆரம்பித்தது. சைக்கிள் என்பதே நாலைந்து பைப்பை ஒட்டவைத்த சமாசாரம்தானே? சைக்கிளை ஒட்டி இந்த ஊருக்கு வந்த பைப், இன்றைக்கு சைக்கிள்காரன் கிட்டே வராமல் இருப்பதற்காக வண்டியின் விலாவில் ஏறுகிறது. இதைச் சொன்னால் மைத்துனன், “மாமா, ஆரம்பிச்சிட்டீங்களா?” என்பான்.

ஷெட்டில் நாங்கள் போனபோது ஏற்கெனவே ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. பழைய லாரி. எஃப்.சி.க்குப் போக வேண்டுமாம். அதற்கும் பக்கவாட்டில்தான் ஏதோ கம்பி வேலை. டிரைவர் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அந்த லாரியைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வருவோம்.

மேஸ்திரி வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“ஏறுறதுக்குன்னா ரெண்டு இன்ச் பைப்பு போதும் சார். மேல செக்கர் பிளேட் ஒட்டி, மூணு எடத்துல பிராக்கெட் குடுத்து போல்ட் போட்டுடுவேன். ஒரு ஆள் வெயிட்டு தாங்கினா சரி. ஆனா காட்டுல பாறை மேல போய் உக்காரப் போறீங்கன்னா அது வேற கணக்கு. மூணு எம்.எம். பைப்பு, ஆறு எம்.எம். பிளேட்டு. சேஸிஸ்லேர்ந்து நேரா கை எடுக்கணும். மொத்த வண்டியும் அது மேல நிக்கும்.”

எனக்கு இந்த வித்தியாசம் அன்றுதான் தெரிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். கறுப்புப் பெயின்ட் அடித்த ஒரு குழாய். முதலாவது வெறும் படி. பாறையில் மோதினால் மடங்கி, கதவின் அடிப்பாகத்தையும் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விடும். காப்பாற்றுவது போல நடிக்கிறதே தவிர காப்பாற்றாது. இரண்டாவதற்கு ராக் ஸ்லைடர் என்று பெயர். நிஜமாகவே பாறை மேல் வண்டியைச் சறுக்கவிடும். அது ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க மேஸ்திரி ஒரு வழி வைத்திருக்கிறார். ஸ்லைடருக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்குவார். வண்டியின் ஒரு பக்கம் முழுக்கத் தரையை விட்டு எழும்ப வேண்டும், பைப் ஒரு நூல்கூட வளையக் கூடாது.

இன்னும் சில விஷயங்கள் சொன்னார். சேஸிஸில் புதுசாக ஓட்டை போடக் கூடாது, பலம் குறைந்துவிடும், இருக்கிற ஓட்டைகளையே பயன்படுத்த வேண்டும். வண்டி மேலேயே வெல்டிங் வைப்பதாக இருந்தால் முதலில் பேட்டரி வயரைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் போர்டு போய்விடும். “அந்தக் காலத்து ஜீப்புல எல்லாம் இந்தத் தொல்லையே கெடையாது” என்று ஒரு பெருமூச்சு வேறு.

“ரெண்டுக்கும்தான் வேணும்” என்றான் மைத்துனன். “ஸ்ட்ராங்கா போடுங்க. அப்புறம், மட்கார்டுக்கு வெளிய ஒரு நாலு இன்ச் நீட்டி வைங்க.”

“நாலு இன்ச்சு எதுக்கு தம்பி?”

“டூ-வீலர்காரங்க சந்து கெடைச்சா நுழைஞ்சு கதவை உரசிட்டுப் போயிடறாங்கண்ணே. மாசத்துல ரெண்டு கோடு விழுது. பைப்பு வெளிய இருந்தா பயந்து தள்ளிப் போவாங்க.”

மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

பல வருஷங்களுக்கு முன்னால் என்னிடம் ஒரு ஜீப் இருந்தது. முன்னால் கிராஷ் கார்டு, பக்கத்தில் பைப் என்று அப்போதைய ஃபேஷன்படி சகல ஆபரணங்களும் போட்டிருந்தேன். ஒருநாள் காலை பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு பக்கம், கூட்டத்தில் ஊர்ந்து திரும்பும்போது ‘டொக்’ என்று ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை. இறங்கிப் பார்த்தேன். பூக்கூடையோடு ஒரு அம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தார். பைப் முனை முழங்காலுக்குக் கீழே பட்டிருந்தது.

இப்போது சொல்லப்போவதை என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை. இறங்கியதும் நான் முதலில் பார்த்தது பைப்பை. கீறல் விழுந்திருக்கிறதா என்று. அரை விநாடிதான். அதற்கப்புறம்தான் அந்த அம்மாளைப் பார்த்தேன். பைப்பில் ஒன்றுமே ஆகவில்லை. அவருக்குக் காலில் எலும்பு கீறிவிட்டிருந்தது. மாவுக்கட்டு, மாத்திரை, ஆறு வாரம் நடக்கக் கூடாது. செலவெல்லாம் செய்தேன், அது வேறு விஷயம். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அவர் சொன்னது: “நீ என்னப்பா பண்ணுவ, நான்தான் பாக்கல.”

நான்தான் பாக்கல! அவர் நடந்துகொண்டிருந்தார். நான் ஒரு இரும்புக் கம்பியை என் வண்டியின் அகலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு அவர் நடக்கிற இடத்துக்குள் போயிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டது அவர். இதில் இன்னொரு அசிங்கமும் உண்டு. அதற்குப் பிறகும் நான் அந்தப் பைப்பைக் கழற்றவில்லை. வண்டியை விற்கும்வரை அது இருந்தது.

தற்காப்பு தப்பா என்று நீங்கள் கேட்கலாம். தப்பே இல்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எறும்புக்குக்கூட உரிமை இருக்கிறது. என் பிரச்னை வேறு. பாதுகாப்பு என்று நாம் ஒரே பெயரில் கூப்பிடுகிற சமாசாரத்தில் குறைந்தது இரண்டு ஜாதி இருக்கிறது.

ஹெல்மெட் போடுகிறேன். ஆபத்து குறைகிறது, அதனால் வேறு யாருக்கும் ஆபத்து கூடுவதில்லை. சீட் பெல்ட்டும் அப்படியே. இன்று எல்லாக் காரிலும் இருக்கும் மூன்று முனை சீட் பெல்ட்டை 1959-ல் வோல்வோ கம்பெனியின் நில்ஸ் போலின் கொண்டுவந்தார். அந்தக் காப்புரிமையை மற்ற கம்பெனிகளும் பயன்படுத்தட்டும் என்று வோல்வோ திறந்துவிட்டது. இது முதல் ஜாதி.

இரண்டாவது ஜாதி, ஆபத்தைக் குறைப்பதே இல்லை. இடம் மாற்றுகிறது. என் கதவில் விழவேண்டிய கீறலை எடுத்து இன்னொருவர் முட்டியில் வைக்கிறது. மழைநாளில் நெரிசல் பஸ்ஸில், தன் மேல் சொட்டாமலிருக்க மடக்கின குடையை வெளிப்பக்கமாகப் பிடித்துக்கொண்டு நிற்பார்களே, அந்த மாதிரி. அவர் நனையவில்லை. வாஸ்தவம். தண்ணீர் எங்கே போயிற்று?

‘எங்க வீட்டு மதில் மேல கண்ணாடிச் சில்லு பதிச்சிருக்கேனே, அதுவும் தப்பா?’ என்று ஒரு வாசகர் கார்டு போடுவார், எனக்குத் தெரியும். ஐயா, உங்கள் மதிலில் ஏறுகிறவன் ஏறுவது என்று தானே தீர்மானம் செய்துகொண்டு ஏறுகிறான். அந்தப் பூக்கார அம்மாள் எந்தத் தீர்மானமும் செய்யவில்லை. அதோடு, உங்கள் மதில் இருந்த இடத்தில் இருக்கிறது. சி.டி.எச். ரோட்டில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போவதில்லை.

மைத்துனனிடம் இதையெல்லாம் அங்கேயே சொன்னேன். அவன் முட்டாள் இல்லை. நல்ல பதில் ஒன்று வைத்திருந்தான். “மாமா, எல்லாரும் போட்டுட்டு சுத்தறான். நான் ஒருத்தன் மட்டும் நல்லவனா இருந்தா அடிவாங்கறது என் வண்டிதான். எல்லாரையும் எடுக்கச் சொல்லுங்க, நானும் எடுத்துடறேன்.”

இதை அலட்சியமாகத் தள்ள முடியாது. தனியாக ஆயுதத்தைக் கீழே போடுகிறவன் தியாகியா, ஏமாளியா என்பது பழைய கேள்வி. அமெரிக்காவில் மிஷெல் ஒயிட் என்ற பொருளாதாரப் பேராசிரியை இதையே கணக்காகப் போட்டுப் பார்த்தார். அங்கே குடும்பம் பத்திரமாக இருக்கட்டும் என்று ஆளுக்கு ஆள் பெரிய வண்டியாக வாங்கிக்கொண்டிருந்த காலம். 2004-ல் வந்த அவருடைய கட்டுரை அதற்கு வைத்த பெயரே ஆயுதப் போட்டி. பெரிய வண்டிக்குள் இருப்பவர்கள் தவிர்த்துக்கொள்ளும் ஒவ்வொரு மரண விபத்துக்கும், மற்றவர்கள் பங்குக்குக் குறைந்தது 4.3 மரண விபத்துகள் கூடுகின்றன என்று கண்டுபிடித்தார். ஒன்றுக்கு நாலு! யாரும் கெட்ட எண்ணத்தில் வாங்கவில்லை. பெண்டாட்டி பிள்ளைகள் மேல் இருக்கிற பாசத்தில்தான் வாங்கினார்கள். பாசத்துக்கு இப்படியும் ஒரு பில் வருகிறது. அது போய்ச் சேருகிற விலாசம்தான் வேறு.

அமெரிக்காவில் மோதிக்கொள்வது பெரும்பாலும் காரும் காரும். நம் ஊர்? 2022-ல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அதில் 44.5 சதவீதம் டூ-வீலரில் போனவர்கள். 19.5 சதவீதம் நடந்து போனவர்கள். இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். நம் ரோட்டில் செத்துப்போகிற மூன்று பேரில் கிட்டத்தட்ட இரண்டு பேரைச் சுற்றித் தகரம்கூடக் கிடையாது. அவர்களிடமிருந்து நம் கதவைக் காப்பாற்றிக்கொள்ள நாம் இரும்பு போடுகிறோம்.

நடுவில் ஒன்று. ஆவடியில் 1961 முதல் கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறது. விஜயந்தாவிலிருந்து அர்ஜுன் வரை நம் ராணுவத்தின் டாங்கிகள் அங்கேதான் பிறந்தன. டாங்கியின் பக்கவாட்டில், சக்கரமும் சங்கிலியும் அடிபடாமலிருக்கத் தகடுகள் தொங்கும். ஒருவிதத்தில் அதுவும் சைடு கார்டுதான். ஆனால் அந்த டாங்கியை ஓட்டுபவருக்கு எதிரி யார் என்று தெரியும், எதிரிக்கும் தான் எதிரி என்று தெரியும். “உனக்கு யாருடா மாப்ளே எதிரி? பால் பாக்கெட் வாங்கப் போறவனா?” என்று கேட்டேன். மேஸ்திரி சிரித்துவிட்டார். மைத்துனன் சிரிக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், முன்பக்கக் கிராஷ் கார்டு விஷயத்தில் தெளிவாகவே சொல்கிறது. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதியது. இது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுக்கு விரோதம், நடவடிக்கை எடுங்கள் என்று. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் ஒரு வழக்கில், கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று சொன்னது. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லை இரண்டும்.

அடுத்தவருக்கு ஆபத்து என்பதோடு, உள்ளே இருப்பவருக்கும் அது நல்லதில்லை. ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்பதை, முன்பக்கம் எப்படி நசுங்குகிறது என்பதை வைத்துத்தான் சென்சார் முடிவு செய்கிறது. குறுக்கே ஒரு இரும்பு உத்திரம் வைத்தால் அந்தக் கணக்கு தப்பிப்போகும். இன்னொன்று, வண்டி நசுங்கத்தான் வேண்டும். இதைக் கேட்டால் நம் தாத்தாக்கள் அடிக்க வருவார்கள். அம்பாசிடரின் பெருமையே நசுங்காததுதானே? ஆனால் பேலா பாரெனி என்ற இன்ஜினீயர் 1950-களில் ஒன்று சொன்னார். மோதலின் வேகம் எங்காவது போய்த்தான் ஆகவேண்டும், வண்டியின் முன்னும் பின்னும் நசுங்கி அதை வாங்கிக்கொண்டால் உள்ளே இருக்கிற மனுஷன் வாங்க வேண்டியதில்லை என்று. 1959-ல் மெர்சிடிஸ் அந்தத் தத்துவத்தில் கார் செய்து விற்றது. இன்றைக்கு எல்லாக் கார்களும் அந்த வழிதான். வளைந்து கொடுப்பது பலவீனம் என்று யார் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

ஆனால் சைடு ஸ்டெப்பில் விஷயம் அவ்வளவு சுலபமில்லை. கம்பெனிகளே ஆக்சஸரி என்று விற்கிறார்கள். என் மாமியாருக்கு எழுபத்தொன்று, இரண்டு முட்டியும் போச்சு. அந்த வண்டியின் தளம் அவர் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது. படி இல்லாமல் அவரை ஏற்றுவதென்றால் இரண்டு பேர் தூக்க வேண்டும், அவர் மானம் போய் ஒருவாரம் பேச மாட்டார். ஆக, படி அவசியம். பாறை மேல் போகிறவனுக்கு ஸ்லைடரும் அவசியம்தான். பாறைக்கு முட்டி கிடையாது. கேள்வி அந்த நாலு இன்ச்சில் இருக்கிறது. மட்கார்டுக்கு உள்ளே இருக்கும்வரை அது படி. வெளியே வந்தபிறகு அது என்ன?

சட்டம் தெரிந்த ஒரு நண்பரிடம் அப்புறம் இதைச் சொன்னபோது, “அந்தம்மா குறுக்கே வந்தாங்களா, இல்லையா? அதைச் சொல்லு முதல்ல” என்றார். கோர்ட்டுக்கு அது முக்கியம். எனக்கு மனுநீதிச் சோழன் ஞாபகம் வந்தது. மெட்ராஸ் ஹைகோர்ட் வளாகத்திலேயே அவருக்குச் சிலை உண்டு. திருவாரூர் வீதியில் இளவரசனின் தேர்க்காலில் கன்று சிக்கிய கதையைச் சின்ன வயதிலிருந்தே நமக்குச் சொல்கிறார்கள். ராஜா மகனையே தேர்க்காலில் இட்டதைத்தான் பிரமாதப்படுத்துவார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. ஒரு உயிருக்கு இன்னொரு உயிர் என்பது என்ன நியாயம்? ஆனால் அந்தக் கதையில் நாம் கவனிக்காமல் விடுகிற ஒரு இடம் இருக்கிறது. கன்று தானாகத்தான் துள்ளிவந்து விழுந்தது. இளவரசன் பார்க்கவில்லை. பிராயச்சித்தம் செய்தால் போதும் என்று மந்திரிகள் சமாதானம் சொல்கிறார்கள். ராஜா ஒப்புக்கொள்ளவில்லை. தேரில் இருப்பவனுக்கும் தெருவில் இருப்பதற்கும் ஒரே கணக்குப் போட முடியாது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். பெரிய வண்டியில் உட்கார்ந்திருப்பவன் கூடுதலாகப் பார்க்கக் கடமைப்பட்டவன்.

சரி, லாரிக்கு வருவோம்.

லாரிகளின் பக்கவாட்டில், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே, படுக்கை வசத்தில் இரண்டு மூன்று கம்பிகள் ஓடும். பார்த்திருப்பீர்கள். எதற்கு என்று யோசித்திருக்கிறீர்களா? நான் யோசித்ததில்லை. டீசல் டேங்க் அடிபடாமல் இருக்க என்று நினைத்திருந்தேன். மேஸ்திரிதான் சொன்னார்: “அது லாரிக்கு இல்ல சார். சைக்கிள்காரன் சாஞ்சான்னா உள்ள போகாம இருக்கறதுக்கு.”

அவ்வளவுதான். லாரி ஓரமாக உரசி ஒருவர் தடுமாறி விழுந்தால், நடுவில் இருக்கும் அந்தப் பொந்துக்குள் போய்ப் பின்சக்கரத்தில் மாட்டிக்கொள்வார். கம்பி இருந்தால் வெளியே தள்ளப்படுவார். அடிபடும், ஆனால் பிழைக்க வழியுண்டு. பிரிட்டனில் 1980-களிலேயே இதைக் கட்டாயமாக்கினார்கள். லாரியின் பக்கவாட்டில் மோதி இறக்கும் சைக்கிள்காரர்களின் எண்ணிக்கை அதற்குப்பின் 61 சதவீதம் குறைந்ததாக ஆய்வு சொல்கிறது. நம் நாட்டிலும் ஐ.எஸ். 14682 என்று இதற்கு ஒரு தரநிர்ணயமே 1999-ல் வந்துவிட்டது. புது லாரி கம்பெனியிலிருந்து வரும்போது கம்பியோடுதான் வருகிறது. ஓடி ஓடி எங்கேயோ இடித்து வளைகிறது, கழன்று விழுகிறது, பழைய இரும்புக்குப் போகிறது. எஃப்.சி. வந்தால்தான் அதன் ஞாபகமே வரும்.

ஒரே ஷெட். ஒரே பைப். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வண்டி. ஒன்று, உள்ளே இருப்பவருக்காக வெளியே நீட்டப்படும் கம்பி. மற்றொன்று, வெளியே இருப்பவருக்காகவே போடப்படும் கம்பி. அந்த லாரியின் ஓனருக்கு அந்தக் கம்பியால் ஒரு பைசா லாபம் கிடையாது. அதனால் காப்பாற்றப்படப் போகிறவர் யார் என்று அவருக்குத் தெரியாது. அந்த ஆளுக்கும் தான் காப்பாற்றப்பட்டது தெரியப்போவதில்லை, ‘எப்படியோ தப்பிச்சேன்’ என்று வீட்டில் போய்ச் சொல்வார்.

லாரி டிரைவர் பேரம் பேசிக்கொண்டிருந்தார். “எஃப்.சி. முடியற வரைக்கும் நின்னாப் போதும் மேஸ்திரி. கட்டுக்கம்பி போட்டுக் கட்டிக் குடு. ஓனர் ஆயிரத்துக்கு மேல தர மாட்டாரு.”

“கட்டுக்கம்பி ஆவடி தாண்டறதுக்குள்ள அவுந்துடும்யா.”

“அவுந்தா அவுரட்டும். திரும்ப எஃப்.சி.க்குப் பாத்துக்கலாம்.”

அந்த டிரைவர் மேல் கோபப்பட எனக்கு யோக்யதை இல்லை. ஓனர் கொடுக்கிற ஆயிரத்துக்குள் அவர் வண்டியை ஆபீசுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். மேஸ்திரி மேலும் கோபப்பட முடியவில்லை. “நீங்களாவது முடியாதுன்னு சொல்லக் கூடாதா?” என்று கேட்டேன். “நான் முடியாதுன்னா அடுத்த ஷெட்டு இருக்கு சார்” என்றார். முன்னால் போடும் கிராஷ் கார்டை மட்டும் அவர் இப்போது செய்வதில்லையாம். ஏதோ கொள்கை என்று நினைத்து நான் பாராட்ட வாயெடுத்தேன். “அட, அதெல்லாம் இல்ல சார். போலீஸ் புடிச்சா எவன் செஞ்சு குடுத்தான்னு கேட்டு என் கடைக்கு வந்துடறாங்க” என்றார்.

மைத்துனன் வண்டிக்கு ஒருவழியாகத் தீர்மானம் ஆயிற்று. மேஸ்திரிதான் முடித்துவைத்தார். தத்துவம் பேசவில்லை. சாக்பீஸால் தரையில் ஒரு கோடு போட்டார். “தம்பி, இதுதான் உங்க டயர் லைனு. பைப்பை இதுக்கு உள்ளயே நிறுத்தறேன். ரெண்டு முனையையும் சேஸிஸ் பக்கம் வளைச்சு மூடிடறேன், மொட்டை முனை வெளிய தெரியாது. பாறையில உக்காந்தா வண்டிக்கு ஒண்ணும் ஆவாது, அது என் கேரண்டி. கதவுல கோடு விழுந்தா விழட்டும், டிங்கர் ஷாப்பு எதுக்கு இருக்கு?” மைத்துனன் கொஞ்ச நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். என் அலுப்பு தாங்காமல்தான் சம்மதித்தானோ என்னவோ. “அம்மா ஏற ஈஸியா இருக்கணும், ஒசரம் பாத்து வைங்க” என்று மட்டும் சொன்னான். அடுத்த புதன்கிழமை வண்டி ரெடி. பவுடர் கோட்டிங், தனியாக மூவாயிரத்து இருநூறு ரூபாய்.

நாங்கள் அட்வான்ஸ் கொடுத்துக்கொண்டிருந்தபோது லாரி வேலை முடிந்துவிட்டது. உதவிப் பையன் இரண்டு பழைய பைப்பை வைத்துக் கட்டுக்கம்பியால் சுற்றி, பிளையரால் முறுக்கினான். தூரத்திலிருந்து பார்த்தால் ஒழுங்காகத்தான் தெரிந்தது.

“இதையே ஒழுங்கா பிராக்கெட் வெச்சு போல்ட் போட்டா எவ்வளவு ஆகும்?” என்று மேஸ்திரியைக் கேட்டேன்.

“ரெண்டு பக்கமும் சேத்து இன்னொரு மூவாயிரம் ஆவும் சார்.”

என் சட்டைப் பையில் பணம் இருந்தது. எடுத்துக் கொடுத்தால் மேஸ்திரி அங்கேயே போட்டிருப்பார், ஒருமணி நேர வேலை. யாருடைய லாரியோ, யார் விழப்போகிறார்களோ, விழாமலே போகலாம், ஊரில் இருக்கிற எல்லா லாரிக்கும் நான் போட முடியுமா என்று வரிசையாகத் தோன்றியது. எல்லாமே நல்ல காரணங்கள்தான். கேட்டதோடு சரி, கொடுக்கவில்லை.

டிரைவர் பீடியைக் காலால் நசுக்கிவிட்டு ஏறினார். லாரி சந்திலிருந்து குலுங்கிக் குலுங்கி மெயின் ரோட்டுக்குத் திரும்பியது. மணி நாலே கால். ஸ்கூல் விட்டு சைக்கிள்கள் வந்துகொண்டிருந்தன.